எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தேங்காய் குறைத்த சமையல் குறிப்புகள் தேவை

வணக்கம். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்காக ஒரு வாரத்துக்கான உணவுப் பட்டியல் தயாராகிறது. கைப்பக்குவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

அடிப்படை, இந்த நோய் உள்ளவர்களுக்காக டாக்டர் ராய் ஸ்வாங்க் வகுத்த உணவு முறை. நாளொன்றுக்கு நிறைவுற்ற கொழுப்பு 15 கிராமைத் தாண்டக் கூடாது. முதல் வருடம் ஆடு, மாட்டிறைச்சி கிடையாது. நம் அடுப்படியில் இடிப்பது தேங்காய்தான். 50 கிராம் துருவலிலேயே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். தேங்காயெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டிக்கு நிறைவுற்ற கொழுப்பு சுமார் 11 கிராம். அதே அளவு நல்லெண்ணெயில் 2 கிராம்தான்.

எம்.எஸ்.-க்கான இன்னொரு உணவு முறையான டாக்டர் டெர்ரி வால்ஸ் முறையை எடுக்கவில்லை. தானியமும் பருப்பும் விலக்கு என்றால் இட்லி, சாம்பார் எல்லாம் போச்சு, யார் கடைப்பிடிப்பார்கள்? 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டு முறைகளிலுமே சோர்வு குறைந்தது. ஆனால் வழக்கமான உணவையே தொடர்ந்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. எனவே மருந்துக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை.

வேண்டியவை: தேங்காய் இல்லாத கூட்டு, குருமா, சட்னி. எண்ணெய் அளவைக் கரண்டிக் கணக்கில் எழுதுங்கள், "தேவையான அளவு" வேண்டாம். பொட்டுக்கடலை அரைத்து ஊற்றினால் ஆறியதும் இறுகிவிடுகிறது, மாற்று உண்டா?

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு ரசம் சாதம் ஆகாது. நீரும் பருக்கையும் சேர்ந்து வந்தால் புரையேறும். ஒரே பதமாகக் குழைந்த உணவு சொல்லுங்கள். உடல் சூடேறினால் அறிகுறிகள் கூடும் என்பதால், அடுப்பருகே 15 நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்காத சமையலாக இருந்தால் நல்லது.