‘விசாரணை’ நிஜக் கதையா?

காட்பாடியிலிருந்து: நேத்து ராத்திரி ‘விசாரணை’ படம் பார்த்தேன். ஆந்திரா குண்டூர் போலீஸ் ஸ்டேஷன்ல பாஷை தெரியாத தமிழ்ப் பசங்களை அடிக்கிறப்ப நிறுத்திட்டேன். எங்க அண்ணன் எல்லை தாண்டி சென்ட்ரிங் வேலைக்குப் போனப்ப, “தமிழாளா?”ன்னு கேட்டு ராத்திரி முழுக்க ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. படத்துல காட்டுறது நடந்ததா?

குடியாத்தம்: நடந்ததுதான் தம்பி. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் பட்டதை ‘லாக்கப்’னு நாவலா எழுதினாரு. படத்தோட முதல் பாதி அதுதான். ரெண்டாம் பாதியையும் பாரு. அங்க நம்ம பாஷை பேசுற போலீஸே கொல்லுது. எனக்கு அதுதான் தாங்கல.

ஆற்காடு: அண்ணன்கிட்ட சொல்லிவைங்க. கைது பண்ணா வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு சுப்ரீம் கோர்ட்டோட 1996 டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அங்க போலீஸ்கிட்ட காட்ட இதைத் தெலுங்குல எழுதிக் கொடுங்க.

காட்பாடி: எழுதிக்கினேன்ணா. அண்ணன் வெள்ளிக்கிழமை மறுபடி வேலைக்குப் போவுது.