"இதற்கா இந்த நேரத்தில் வந்தீர்கள்?"

உறையூர் மருமகள்:
போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாமனார் ஆசைப்பட்டாரே என்று அடை வார்த்தேன். 71 வயது, பல வருடமாகச் சர்க்கரை. நான்கு அடை சாப்பிட்டுப் படுத்தவர் இரவு பதினொன்றரைக்கு எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்தேன். "வாயுதான், படுங்கள்" என்று சொன்ன மாமியாரும் தூங்கவில்லை. மின்விசிறி சுழலும்போதே அவருக்கு வியர்த்தது. எங்கள் தெரு டாக்டர் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார், மறுநாள் ஞாயிறு. திறந்திருந்த ஒரே இடம் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இரண்டு முறை இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நீளமாக ஓர் ஏப்பம் விட்டார், எல்லாம் சரியாகிவிட்டது. ரசீது 4,860 ரூபாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிளம்பும்போது அங்கே பணியிலிருந்த இளைஞர், "இதற்கா இந்த நேரத்தில் வந்தீர்கள்?" என்றாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
அந்தக் கேள்வியை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், அதனால் அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவால்டியில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவள் நான். ஒருநாள் இரவு பத்து மணிக்குச் சித்தாள் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். மூன்று வாரமாக இடுப்பு வலி. "மூன்று வாரம் பொறுத்தவளுக்கு விடியும்வரை பொறுக்க முடியாதா?" என்று சீறினேன். அவள் கோபப்படவில்லை. "விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும் சிஸ்டர்" என்றாள். எங்கள் ஓபியில் பகலுக்குள் சீட்டு வாங்கியாக வேண்டும். வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். அன்றைய கூலி அத்தோடு போயிற்று. வேலை முடிந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்தால் எங்கள் வாசலில் மட்டும்தான் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று எழுதினால் பொய். கேட்டேன், ஆனால் குரல் இறங்கிவிட்டது.

பிற்பாடு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, காத்திருக்கலாம் என்றால் பச்சை. நான் கண்டவரையில் சண்டை எல்லாம் பச்சையிலிருந்துதான் வரும். சிவப்போடு வந்த உறவினர்களுக்குச் சண்டை போட மூச்சு இருக்காது.

காளவாசல்:
எல்லோருக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்காது. என் மகனுக்கு மூச்சிரைப்பு. நெபுலைசர் வைக்க ஓடினால், எங்களுக்கு முன்னால் ஒருவர் லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல வேளை, ஒரு நர்ஸ் பையனின் நெஞ்சு குழிவதைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கோவைக் கணக்கர்:
சர்டிபிகேட்காரர் மேல் கல் எறிய எனக்குத் தகுதியில்லை. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். என் காப்பீட்டில் புறநோயாளிச் செலவுக்கு இடமில்லை, 24 மணி நேரம் உள்ளே படுத்தால்தான் பணம். நண்பர் யோசனை சொன்னார். "தாங்க முடியாத வலி" என்று அவசரப் பிரிவு வழியாக நுழைந்து, ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் செல்போன் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தது என்று காப்பீட்டு நிறுவனம் நிராகரித்துவிட்டது. எம்.ஆர்.ஐ. பணமும் போயிற்று, கட்டில் வாடகையும் போயிற்று. என் மனைவி இதை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்கிறாள்.

இரவு டூட்டி:
உறையூர் அம்மாவுக்கு: நானும் அவசரப் பிரிவு மருத்துவன்தான். சர்க்கரை நோயாளி, 71 வயது, நெஞ்சில் சங்கடம், வியர்வை. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நீங்கள் வராமல் இருந்திருந்தால்தான் நான் திட்டுவேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பல நேரம் வலியாக வராது. வாயு போல, களைப்பு போல வரும். இப்படி வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அது சரியாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டாவதும் ரத்தப் பரிசோதனையும்.

ஏப்பம் என்பது நான்கு மணிக்குக் கிடைத்த விடை. பதினொன்றரைக்கு உங்கள் கையில் இருந்தது கேள்வி மட்டும். 2013இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. திரும்பிப் போகும்போது எழுதப்பட்ட நோயின் பெயரை வைத்துப் பார்த்தால், சாதாரண மருத்துவரிடமே போயிருக்கலாம் என்று சொல்லத்தக்க வருகைகள் 6.3 சதவீதம். ஆனால் அவர்கள் என்னென்ன தொந்தரவு சொல்லி வந்தார்களோ, அவசரப் பிரிவுக்கு வந்த மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்திலும் அதே தொந்தரவுகள்தான் இருந்தன. வாசலில் நின்று பிரிக்க எங்களுக்கே கருவி வேண்டியிருக்கிறது. ஓமத் தண்ணீரை வைத்து நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்?

அந்த இளைஞர் அன்று எத்தனையாவது மணி நேரமாக விழித்திருந்தாரோ, அது வேறு கதை.

ஸ்கார்பரோ சித்தப்பா:
கனடாவிலும் இதே பாடுதான். எங்கள் குடும்ப வைத்தியர் ஓய்வு பெற்றபின் இரண்டு வருடம் வேறு ஆள் கிடைக்கவில்லை. பேத்திக்குக் காது வலி என்றாலும் எமர்ஜென்சிதான். இங்கே ஐந்து படிநிலை. நாங்கள் ஐந்தாவது, அதாவது கடைசி. ஏழு மணி நேரம் உட்கார்ந்தோம், பிள்ளை தூங்கி எழும்பி வலி போய்விட்டது என்றாள். வைத்தியரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தோம். பணம் ஒன்றும் இல்லை, கார் நிறுத்தியதற்கு மட்டும்தான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 104ஐக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 108 வண்டிக்கு, 104 ஆலோசனைக்கு. காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து என்பதை அதில் கேட்கலாம். நெஞ்சு என்றால் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

உறையூர் மருமகள்:
டாக்டர் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அடை சாப்பிடலாமா என்று கேள்" என்கிறார்.