செமினாருக்கு ஹேரியட் கிட்ஸ்மேன்: விருதுகளைத் தாண்டி எதைப் பேசுவது?

மாணவி_மதுரை:
எம்.எஸ்சி. நர்சிங், குழந்தைகள் நலப் பிரிவு. ஒரு நர்சிங் பேராசிரியரோட பணி வாழ்க்கை பற்றி செமினார் எடுக்கணும். நைட்டிங்கேல் கூடவே கூடாதுன்னு மேடம் கறாரா சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்த ஹேரியட் கிட்ஸ்மேனை எடுத்திருக்கேன். எழுத எழுத விருதுப் பட்டியலாவே போகுது. ஏழைக் குடும்பங்களுக்கு அவங்க செஞ்சது என்ன?

பழைய_விஎச்என்:
விருதை ஒரு ஸ்லைடுல முடிச்சிடும்மா. மெம்பிஸ் ஆய்வை எடு.

டேவிட் ஓல்ட்ஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1970-கள்ல நியூயார்க் மாநிலம் எல்மைராவுல தொடங்கினது, கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் நர்ஸ் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற திட்டம். அதையே 1990-ல மெம்பிஸ் நகரத்துல பெரிய அளவுல சோதிச்சாங்க. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 1,139 பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வருமானம் குறைஞ்சவங்க. குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கர்ப்பத்துல ஆரம்பிச்சு குழந்தைக்கு 2 வயசு ஆகுறவரை நர்ஸ் போனாங்க. 1997-ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையில, எழுதினவங்க வரிசையில முதல் பெயர் கிட்ஸ்மேனோடது.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு குறைஞ்சது. காயம் பட்டோ, எதையாவது குடிச்சோ சிகிச்சைக்கு வர்ற குழந்தைகளும் குறைஞ்சாங்க. அடுத்த கர்ப்பமும் குறைஞ்சது. ஆனா குறைப்பிரசவமும் பிறப்பு எடையும் மாறலை. அதையும் அதே கட்டுரையில எழுதியிருக்காங்க. எனக்கு அவங்கமேல மரியாதை வந்ததே அங்கதான். நீயும் மறைக்காதே.

'எதையாவது குடிச்சு'ங்கறதை லேசா கடந்துடாதே. நான் ஃபீல்டுல இருந்தப்போ, மண்ணெண்ணெயைக் கலர் பாட்டில்ல ஊத்தி அடுப்படி ஓரமா வச்சிருப்பாங்க, தவழுற புள்ளைக்கு எட்டுற உயரத்துல. பேச்சை நிறுத்தாமலே எடுத்துப் பரண்ல வச்சிடுவேன். ஓ.பி.யில உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு அந்த பாட்டில் எங்க தெரியப் போகுது?

லண்டன்_செவிலி:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. இங்கிலாந்துல இதே திட்டத்தை 1,600-க்கு மேற்பட்ட டீன் ஏஜ் தாய்மார்கிட்ட சோதிச்சு, 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல முடிவு வந்தது. புகைப்பழக்கம், பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம், குழந்தையோட ஆஸ்பத்திரி வருகை: முக்கியமா பார்த்த இந்த நாலுலயும் கூடுதல் பலன் இல்லை. இங்க மிட்வைஃபும் (பிரசவம் பார்க்கிற செவிலி) ஹெல்த் விசிட்டரும் (குழந்தை நலம் பார்க்கிற செவிலி) எல்லாத் தாய்க்கும் ஏற்கெனவே இலவசம். ஒண்ணுமே கிடைக்காத இடத்துலதான் இது எடுபடும்னு நினைக்கிறேன்.

மாணவி_மதுரை:
அப்போ நம்ம ஊர்ல ஏற்கெனவே வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) இருக்காங்களே, இது எதுக்குன்னு கேட்டா?

பழைய_விஎச்என்:
கட்டாயம் கேட்பாங்க. சமவெளியில 5,000 பேருக்கு ஒரு வி.எச்.என்.ங்கறது கணக்கு. பிக்மி பதிவு (கர்ப்பிணிகளை ஆன்லைன்ல பதியறது), தடுப்பூசி, ரிப்போர்ட், ரிவ்யூ மீட்டிங்... ஒரு வீட்டுத் திண்ணையில அரை மணி நேரம் உட்கார விடுவாங்களா? அந்தத் திட்டத்துல ஒரு முழுநேர நர்ஸுக்கு 25 குடும்பம்தான். லண்டன் தங்கச்சி சொல்றது சரி, ஆனா வி.எச்.என். பேர் ரிஜிஸ்டர்ல இருக்கறதும் அவ வீட்டுக்கு வந்து உட்கார்றதும் ஒண்ணாகாது.

'அங்கன்வாடி டீச்சரை அனுப்பினா போதாதா'ன்னு மேடம் மடக்கினா, அமெரிக்காவுல டென்வர் நகரத்துல இதே திட்டத்தை வச்சு நடந்த ஆய்வைச் சொல்லு. அங்க நர்ஸ் படிப்பு இல்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தும் அனுப்பிப் பார்த்தாங்க. நர்ஸ் போன வீடுகள்ல கிடைச்ச பலன்ல பெரும்பாலும் பாதியளவுதான் வந்தது.