பொடி குடித்ததில் கெட்ட கொழுப்பு இறங்கியது, டிரைகிளிசரைடு ஏறியது. இது எப்படி?

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 54. சிவகங்கைப் பக்கம் கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை. சென்ற ஆண்டு கல் இருக்கிறது என்று பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். கல் போனது, வயிற்றுப்போக்கு வந்தது. இட்லி உள்ளே போன கால் மணி நேரத்தில் ஓட வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடியும்வரை நிற்பதே சோதனையாகிவிட்டது.

மருத்துவர் கொலஸ்டிரமின் என்ற பொடி எழுதிக் கொடுத்தார். ஒரு பொட்டலம் 4 கிராம், காலையும் மாலையும். "பித்தநீர் தேங்க இடமில்லாமல் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது. பொடி அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கொலஸ்ட்ராலும் குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்றார். மோரில் கலக்கிக் குடிக்கிறேன். ஆற்றுமணலைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருக்கும், ஆனால் மூன்றாம் நாளே வயிறு அடங்கிவிட்டது.

நான்கு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 154-இலிருந்து 128. மகிழ்ச்சி. ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 168-இலிருந்து 274! மொத்தக் கொலஸ்ட்ரால் 236 இருந்தது, இப்போது 229. ஏறக்குறைய அதே இடம். இரண்டு முறையும் வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுத்தேன். ஆய்வகத்துப் பையன் "இனிப்பைக் குறையுங்கள் டீச்சர்" என்கிறான். நான் தேநீருக்கே சர்க்கரை போடுவதில்லை.

பித்தத்தைப் பிடிக்கிற பொடிக்கும் ரத்தக் கொழுப்புக்கும் என்ன உறவு? மருத்துவரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் மண்டைக் குடைச்சலாவது குறையும்.

பழைய ஆய்வகம் எழுதியது:

அம்மா, மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன், மருந்தை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது என் மாணவி ஒருத்தி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேட்ட கேள்வியேதான். "பித்த அமிலம் போதும் என்று ஈரலுக்கு எப்படித் தெரிகிறது சார்?" அன்று பாடநூலில் அதற்கு விடை இல்லை. "பின்னூட்டம்" என்று ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடியில் கோடு போட்டுத் தப்பித்தேன்.

விடை வந்தது 1999 மே மாதம். எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியை, அதாவது செய்தி வாங்கும் புரதத்தை, உசுப்புவது பித்த அமிலமே என்று மூன்று ஆய்வுக்குழுக்கள் ஒரே மாதத்தில் வெளியிட்டன. அது உட்கரு ஏற்பி வகை. செல்லின் தோலில் நின்று வெளிச் செய்தியைக் கேட்டு உள்ளே சொல்லும் ஏற்பிகள் வேறு. இந்த வகை மரபணு இழைமேலேயே போய் உட்காரும். கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு ஒன்று வந்து சேர்ந்ததும், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று உத்தரவு போடும். மனிதனுக்கு இப்படி 48 இருக்கின்றன. ஆக்ஸிஸ்டெரால் என்னும் கொலஸ்ட்ரால் வழித்தோன்றல்களை உணர்வது எல்.எக்ஸ்.ஆர்., கொழுப்பு அமிலங்களை உணர்வது பி.பி.ஏ.ஆர்., பித்த அமிலத்தை உணர்வது எஃப்.எக்ஸ்.ஆர்.

கண்மாய்க்கரை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஈரல்தான் கண்மாய். அங்கே கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியின் பெயர் கொலஸ்ட்ரால் 7-ஆல்ஃபா ஹைட்ராக்ஸிலேஸ். அதுதான் மடை. பித்த அமிலம் குடலுக்குப் போய், கொழுப்பைச் செரிக்க உதவி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய 95 விழுக்காடு உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்புகிறது. அந்தக் கடைமடையிலும் எஃப்.எக்ஸ்.ஆர். உட்கார்ந்திருக்கிறது. பித்தம் வந்து சேர்ந்ததும் எஃப்.ஜி.எஃப்.19 என்ற ஹார்மோனை ஆளாக ரத்த வழியாக ஈரலுக்கு அனுப்பும்: "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது, அடையுங்கள்." ஈரலுக்குள்ளிருக்கும் எஃப்.எக்ஸ்.ஆரும் எஸ்.எச்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்க வைத்து அதே மடையை அடைக்கும்.

உங்கள் பொடி என்ன செய்கிறது? ஓடுகிற தண்ணீரை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. கடைமடையிலிருந்து ஆள் வருவது குறைந்துபோகிறது. ஈரல் மடையைத் திறந்தபடி கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் பித்தம் செய்துகொண்டே இருக்கிறது. தன் இருப்பு குறைய, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது. 154 இறங்கி 128 ஆனது இப்படித்தான். சாதாரண விஷயமில்லை அம்மா. இன்று கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் கடைக்கு வரும் முன்பே, 3,806 ஆண்களிடம் இந்தப் பொடியைச் சோதித்து 1984-இல் அமெரிக்காவில் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பும் மாரடைப்பு மரணமும் 19 விழுக்காடு குறைந்திருந்தன.

இனி டிரைகிளிசரைடு. எஸ்.எச்.பி. மடையை அடைப்பதோடு நிற்பதில்லை. ஈரலில் புதிதாகக் கொழுப்பு செய்யச் சொல்லும் எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்ற புரதம் ஒரு மேஸ்திரி, அதன் வாயையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கும். பித்தம் திரும்பி வருவது குறைந்தால் எஃப்.எக்ஸ்.ஆர். தூங்கும். எஸ்.எச்.பி. குறையும். மேஸ்திரிக்கு வாய் திறந்துவிடும். ஈரல் கொழுப்பைச் செய்து டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏற்றி அனுப்பும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எழுபதுகளில் பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கீனோடீஆக்ஸிகோலிக் அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்தார்கள். எஃப்.எக்ஸ்.ஆரை நன்றாக எழுப்பும் பித்த அமிலம் அது. அதை விழுங்கியவர்களுக்கு டிரைகிளிசரைடு இறங்கியது, எல்.டி.எல். சற்று ஏறியது. உங்கள் அறிக்கையை அப்படியே தலைகீழாகத் திருப்பியதுபோல! இரண்டும் மருத்துவர்கள் கண்ணால் கண்டவை. காரணம் தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன.

வேர்ப்பட்டை எழுதியது:

இவ்வளவு சுற்று எதற்கு? டீச்சர், பொடியை விட்டுவிட்டுக் குக்குலு சாப்பிடுங்கள். நம் நாட்டு மரப்பிசின். லக்னோவில் மத்திய அரசு ஆய்வு நிறுவனமே ஆராய்ந்து, 1987-இல் கொழுப்பு மருந்தாக அனுமதி கிடைத்தது. பக்க விளைவு கிடையாது.

பழைய ஆய்வகம் எழுதியது:

வேர்ப்பட்டை தம்பி, வேடிக்கை என்னவென்றால் டீச்சர் குடிப்பதும் பிசின்தான், செயற்கைப் பிசின். பிசினுக்குப் பிசின் போட்டியா?

குக்குலுவை நான் ஏளனம் செய்யவில்லை. அதிலுள்ள குக்குல்ஸ்டீரோன் இதே எஃப்.எக்ஸ்.ஆரைத் தடுக்கிறது என்று 2002-இல் கண்டார்கள். கொலஸ்ட்ரால் தீனி கொடுத்த எலிகளின் ஈரலில் கொலஸ்ட்ராலைக் குறைத்தது, எஃப்.எக்ஸ்.ஆர். இல்லாத எலிகளில் பலிக்கவில்லை. நானே கைதட்டினேன். மறு ஆண்டே அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். இறங்கவில்லை, 4, 5 விழுக்காடு ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. அதற்குமேல், குக்குல்ஸ்டீரோன் பி.எக்ஸ்.ஆர். என்ற இன்னோர் உட்கரு ஏற்பியையும் எழுப்பும். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டும் ஏற்பி அது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தொடும் முன் யோசிக்க வேண்டும். பக்க விளைவு கிடையாது என்று யாரும் யாருக்கும் எழுதாதீர்கள்.

எலியை வைத்து மனிதனுக்குக் கணக்குப் போடுவதே இந்தத் துறையின் பழைய வியாதி. எலிக்கு எல்.எக்ஸ்.ஆர். எழுந்தால் மடை திறக்கும். கொலஸ்ட்ராலைக் கொட்டினாலும் பித்தமாக்கித் தள்ளிவிடும். மனித ஈரலில் அந்த இணைப்பு இல்லை.

மருந்துக்கடை மேசை எழுதியது:

டீச்சரக்கா, ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் 168 எங்கே, 274 எங்கே? பொடி மட்டும் பொதுவாக இவ்வளவு ஏற்றாது. இருபது ஆண்டாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், ஒன்று கேட்கிறேன்: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எத்தனை மணிக்கு?

கண்மாய்க்கரை எழுதியது:

தைராய்டு மாத்திரை, 75 மைக்ரோகிராம், ஒன்பது ஆண்டாக. காலை ஆறு மணிக்கு. ஆறரைக்குப் பொடி. இரண்டையும் முடித்துவிட்டால் ஏழே காலுக்கு வரும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பொடி தந்த மருத்துவர் வேறு, தைராய்டு மருத்துவர் வேறு. இவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மருந்துக்கடை மேசை எழுதியது:

அக்கா, அங்கேதான் இருக்கிறது. அந்தப் பொடிக்குப் பித்தம் எது, மாத்திரை எது என்று தெரியாது. தைராய்டு மாத்திரையையும் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறுகிற அளவு) பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பழைய ஆய்வகம் எழுதியது:

மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு கும்பிடு. கடைமடை, மேஸ்திரி என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேனே ஒழிய, வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதைவிட வெட்கம், தைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் அந்த 48-இல் ஒன்று. ஈரலில் அதன் பீட்டா வகை எல்.டி.எல்லை இழுக்கவும் கொழுப்பை எரிக்கவும் உத்தரவு போடுகிறது. பெரும்பாலும் அந்த ஒன்றையே எழுப்பும் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு, கொழுப்பு ஈரல் அழற்சிக்காக, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆக, உங்கள் பொடி ஒரே நேரத்தில் இரண்டு ஏற்பிகளைப் பட்டினி போட்டிருக்கலாம். எல்.டி.எல். இன்னும் கூட இறங்கியிருக்க வேண்டியதோ என்று இப்போது தோன்றுகிறது.

கண்மாய்க்கரை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

டி.எஸ்.எச். 11.4 இருந்தது. பொடி தொடங்கும் முன் 2.8. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஆறரை மணிக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். இப்போது தைராய்டு மாத்திரை விடியற்காலை ஐந்துக்கு. பொடி மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும். மாத்திரையின் அளவை மாற்றவில்லை.

நேற்றைய முடிவு: டி.எஸ்.எச். 3.6, எல்.டி.எல். 117, டிரைகிளிசரைடு 203. "168-க்குத் திரும்பவில்லையே" என்றேன். "மிச்சம் பொடியின் பங்காக இருக்கலாம்" என்றார். "கடைமடையிலிருந்து ஆள் வரவில்லை, அப்படித்தானே?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வயிறு நன்றாக இருப்பதால் இரவுப் பொட்டலத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். மூன்று மாதத்தில் மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

மதிய மோரைச் சத்துணவுக் கூடத்தில் வைத்துக் கலக்குகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மோரில் மண் விழுந்துவிட்டது" என்று பதறிப்போய்ச் சொன்னாள்.