பல நாட்டு எழுத்தாளர்கள், ஒரே அறை: இன்னும் உறுத்திக்கொண்டு இருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ

டோர்ட்முண்ட்காரன்:

தொலைக்காட்சித் தொடருக்கு ஆக்கள் கூடி இருந்து கதை கட்டுற ரைட்டர்ஸ் ரூம் எண்டா என்ன, அதை நடத்திற ஷோரன்னர் எண்டா ஆர் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. நேர விசயத்துக்கு வாறன்.

பெர்லின்ல ஒரு பயிற்சி, பேர் வேண்டாம். எட்டு எழுத்தாளர், ஏழு நாடு. மூண்டு தடவை கூடினவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை. நான் எழுத்தாளர் இல்லை. காட்சிக்கு ஒண்டா எழுதிச் சுவரில ஒட்டுற கார்டுகளை இரவு கணினியில ஏத்திக் காலமை எல்லாருக்கும் அனுப்பிற பொடியன். பொது மொழி ஆங்கிலம். அறையில ஆங்கிலம் தாய்மொழியா இருந்தது ஒரே ஒராளுக்கு, அவர்தான் பயிற்சியாளர்.

கதை ஓடர் ஆத்தங்கரையில. இந்தப் பக்கம் ஃபிராங்ஃபுர்ட், அந்தப் பக்கம் போலந்தின்ர ஸ்லுபிட்சே, நடுவில பாலம். ஒரு அரச வழக்கறிஞர், வயசான மனுசி. அவவுக்குக் கீழ ஒரு இளம் துப்பறிவாளன். ஆறு வருசமா ரெண்டு பேரும் 'சீ' போட்டுத்தான் கதைப்பினம், அதாவது எங்கட 'நீங்கள்'. அஞ்சாம் எபிசோட்டில அவன் பிழை விட்டு ஒரு சாட்சி செத்துப் போகுது. இரவு, கார். மனுசி கேக்கிறா: சாப்பிட்டியா? 'சாப்பிட்டீங்களா' இல்லை. 'சாப்பிட்டியா.' முதல் தடவையா 'டு'. காட்சி அவ்வளவுதான்.

அதை எழுதினவா எங்கட அறையில ஆக மூத்த ஆள், ஜெர்மன்காரி, இருபது வருசத்துக்கு மேல தொலைக்காட்சிக்கு எழுதினவா. ஆனா கார்டில ஆங்கிலம். ஆங்கிலத்தில நீயும் 'யூ', நீங்களும் 'யூ'. பயிற்சியாளர் வாசிச்சார், ரெண்டாந்தரம் வாசிச்சார். "ரெண்டு பேர் காருக்குள்ள இருக்கினம், ஒராள் சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா. இதில என்ன நடக்குது?"

அவா விளங்கப்படுத்தத் தொடங்கினவா. விளங்கப்படுத்த விளங்கப்படுத்தக் காட்சி செத்துக்கொண்டே போச்சு, பகிடியை விளக்கிற மாதிரி. போலந்துக்காரி வாய் திறந்தவா (அவையளுக்கு மரியாதைக்கு 'பான்', 'பானி' இருக்கு, அவவுக்கு விளங்காமல் இருக்காது), பிறகு மூடிட்டா. எனக்கும் விளங்கினது. நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி இருக்கிற வீட்டில வளந்தவன் நான். அப்பா அம்மாவை 'நீர்' எண்டு கூப்பிடுறதுக்கும் 'நீ' எண்டு கூப்பிடுறதுக்கும் நடுவில எத்தனை சண்டை இருக்கெண்டு எனக்குத் தெரியும். நான் ஒண்டும் சொல்லேல்லை. குறிப்பெடுக்கிறவன் கதைக்கிறதில்லை.

அவா எழும்பிப் போய்க் கார்டைத் தானே கழட்டினவா. மடிச்சு வெறும் கோப்பிக் கப்புக்குள்ள போட்டவா. இலக்கம் 34. அண்டைக்கு இரவு 33ஐ ஏத்தினன், 35ஐ ஏத்தினன். இடைவெளியை அப்பிடியே விட்டிட்டன்.

மால்மோ மணி:

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, ஆனா இங்கிலீஷ் மேல பழி போடுறது எனக்கு ஒத்துக்கல. காட்சி காகிதத்துல நிக்கலன்னா எழுதினவங்க அதைக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஆக்கல, அவ்வளவுதான்.

நான் இருக்கிற ஊர்ல எல்லாருக்கும் எல்லாரும் 'டு'தான். 1960கள் கடைசியில மரியாதைப் பேச்சையே கழட்டி வச்சுட்டாங்க. ராஜ குடும்பம் தவிர யாரையும், பிரதமரையே, 'டு'ன்னுதான் சொல்லுவோம். அப்போ ஸ்வீடன்காரனுக்கு நெருக்கத்தைக் காட்டவே வராதா? 2011ல டென்மார்க்கும் ஸ்வீடனும் சேர்ந்து எடுத்த 'பாலம்' தொடரை எடுத்துக்குங்க. ஓரெசுண்ட் பாலத்து நடுவுல, எல்லைக்கோட்டு மேலயே பிணம். ரெண்டு நாட்டுப் போலீசும் வந்தே ஆகணும். அவள் ஸ்வீடிஷ் பேசுவா, அவன் டேனிஷ் பேசுவான். அந்த அமைப்பு பாஷையை நம்பியே இல்ல, அதனாலதான் 2013ல பிரிட்டனும் பிரான்சும் அதையே இங்கிலீஷ் கால்வாய்ச் சுரங்கத்துக்குள்ள தூக்கி வைக்க முடிஞ்சது.

ஜெர்மன்காரங்ககிட்ட இதுக்குன்னே ஒரு சடங்கு இருக்கே? பெரியவங்கதான் 'டு'வை முன்வைக்கணும், சில பேர் கையைக் கோத்துக்கிட்டு ஒரு மடக்கு குடிப்பாங்க. அதைக் காட்டியிருந்தா பயிற்சியாளருக்கு ஒரு செகண்டுல புரிஞ்சிருக்கும்.

என் கதை சின்னது. இங்க ஒரு வாரக்கடைசிப் பட்டறை. டேனிஷ் ஆளும் ஸ்வீடிஷ் பொண்ணும் மத்தவங்களுக்காக இங்கிலீஷ்ல ரொம்ப மரியாதையா எழுதிட்டு இருந்தாங்க. ரெண்டாம் நாள் சண்டை வந்து அவங்கவங்க பாஷைக்குத் தாவிட்டாங்க. பத்து நிமிஷம் எங்களுக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பத்து நிமிஷத்துலதான் ரெண்டு கதாபாத்திரமும் உயிரோட இருந்துச்சு. பதிவு பண்ணிருக்கலாம்னு இன்னும் தோணுது.

லாச்சப்பல் வாசி:

மணி அண்ணை, ரெண்டு பாசையும் பக்கத்துப் பக்கத்து வீடு எண்டபடியாத்தான் அது சரிவந்தது. போர்த்துக்கலையும் ஃபின்லாந்தையும் ஒரு காருக்குள்ள ஏத்திப் பாருங்கோ.

எனக்கு உறுத்திறது வேற. பிரான்சின்ர லீல் நகரத்தில, 'சீரீஸ் மேனியா' எண்ட தொடர் விழா நடக்கிற கிழமை, பக்கத்தில ஒரு சின்னப் பட்டறை. எங்கட கதையில ஒரு கொலைகாரன். பிரிட்டன்காரர் ஒராள் பேனையை மேசையில வைச்சிட்டு ஆறுதலாக் கேட்டார்: "இவனை ஆர் கைது செய்யிறது?"

நாலு பேர் நாலு மறுமொழி. பிரெஞ்சுக்காரி சொன்னா, பாரதூரமான வழக்கெண்டால் விசாரணை நீதவான் வருவார், பொலிசு அவர் சொல்லுக்குத்தான் ஆடும். ஜெர்மன்காரன் சிரிச்சான், நாங்கள் அந்த நீதவானை 1975ல ஒழிச்சாச்சு, எங்களுக்கு அரச வழக்கறிஞர்தான் எண்டான். இத்தாலிக்காரன், நாங்களும் 1989ல விட்டாச்சு எண்டான். இங்கிலாந்தில பொலிசு தானே விசாரிக்கும், குற்றம் சாட்டிறதோ விடுறதோ எண்டுதான் வேற ஆக்கள் பாப்பினம். நாப்பது நிமிசம் போச்சு. பலகையில ஒரு கார்டும் ஏறேல்லை. பிறகு இத்தாலிக்காரன் எழும்பி, "ஒருத்தரும் கைது செய்யேல்லை, அதுக்குள்ள அவன் ஓடிட்டான்" எண்டு எழுதி ஒட்டினான்.

எல்லாரும் சிரிச்சம். அதே வரிதான் பிறகு முழுத் தொடரின்ர முதுகெலும்பு ஆனது. அண்டைக்குப் பின்னேரம் அவன் மட்டும் சிரிக்கேல்லை. ஏனெண்டு நான் கேக்கவும் இல்லை.

பேனாக்கத்தி:

எல்லாரும் உணர்ச்சியைப் பத்தியே பேசுறீங்க. காசைப் பத்தி ஒருத்தரும் பேசல. என் அனுபவம் ரெண்டு வரி: வார்சாவுல ஒரு பயிற்சியில நான் வாய்வழியாச் சொன்ன ஒரு வில்லன், ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாரோ எழுதின தொடர்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தான். சர்க்கரை மூணு ஸ்பூன், அதுகூட மாறல.

அதனால சொல்றேன், முதல் நாள் காலையில கையெழுத்து வாங்காம அந்த மாதிரி அறைக்குள்ள யாரும் கால் வைக்காதீங்க. ஒரே மேசையில உக்கார்ந்திருக்கிற மூணு பேருக்கு மூணு விதமான உரிமை இருக்கு, அது அவங்களுக்கே தெரியிறதில்ல. பிரான்சுல எழுத்தாளனோட தார்மீக உரிமையை (தன் பேர் வரணும், படைப்பைச் சிதைக்கக் கூடாதுன்னு கேக்குற உரிமை) அவனே நினைச்சாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அங்க நாடகக்காரங்களைத் திரட்டி எழுத்தாளர் உரிமைக்குச் சங்கம் ஆரம்பிச்ச போமார்ஷே 1777லயே சண்டைக்குப் போனவர். ஜெர்மனியில படைப்புரிமையை விக்கவே முடியாது, பயன்படுத்துற உரிமையைத்தான் கொடுக்கலாம். நியாயமான ஊதியம் கேக்கச் சட்டத்துலயே 32ஆம் பிரிவு இருக்கு. பிரிட்டன்ல 1988 சட்டப்படி ஒரு கையெழுத்துப் போட்டாத் தார்மீக உரிமை போயே போச்சு, தயாரிப்பாளர் முதல்ல நீட்டுறதும் அந்தக் காகிதம்தான். இப்போ இந்த மூணு பேரும் சேர்ந்து எழுதின ஒரு எபிசோடு யாரோடது? 'உருவாக்கம்' அப்படின்னு திரையில வர்ற பேரும் 'எழுத்து' அப்படின்னு வர்ற பேரும் ஒண்ணு இல்ல, அதை முன்னாடியே பிரிச்சுப் பேசணும். கருவோட வந்தவர் யார், அறையில சேர்த்தது என்ன, பயிற்சி முடிஞ்சு ஆளுக்கொரு திசையா பிரிஞ்சா அந்தக் கரு யாரோட போகும், எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. தினமும் சாயங்காலம் அன்னிக்குச் சொன்ன யோசனையை உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வச்சுக்குங்க, தேதி நிக்கும். டோர்ட்முண்ட் தம்பி, நீங்க ஏத்தின கார்டுல யார் பேரு போட்டீங்க? போடலன்னா அதுவே பெரிய தப்பு.

மால்மோ மணி:

அண்ணே, அவர் ஒரு 'நீ'யைப் பத்திப் பேசிட்டிருக்கார், நீங்க கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டீங்க.

டோர்ட்முண்ட்காரன்:

பேனாக்கத்தி அண்ணை, நான் ஒப்பந்தம் கேக்கேல்லை. கார்டில பேர் போடுறேல்ல எண்டது அந்த அறையின்ர சட்டம், என்ர முடிவில்லை. உங்கட வில்லனுக்கு மட்டும் என்ர அனுதாபம்.

மணி, நீங்கள் சொன்ன அந்தக் கை கோத்துக் குடிக்கிற காட்சியை அவா முதல் வரைவில எழுதித்தான் வைச்சிருந்தவா. தானே வெட்டினவா. தன்ர நாட்டில ஆயிரம் தரம் பாத்த காட்சி, சாவீட்டு இரவில ஆரும் கிளாஸ் தூக்க மாட்டினம் எண்டவா. அது எனக்குச் சரியாத்தான் பட்டது. இன்னும் படுது.

இதை இப்ப ஏன் எழுதிறன் எண்டால், போன கிழமை அவவிட்ட இருந்து ஒரு மெயில். தலைப்பு: 34. அந்தக் கார்டின்ர வசனம் எங்கயாவது இருக்கா எண்டு கேட்டிருக்கிறா. இருக்கு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் சுவரைப் படம் எடுத்தனான், மூலையில அது வடிவாத் தெரியுது.

விசயம் அது இல்லை. மூண்டு கிழமையும் நாங்கள் ஆங்கிலத்திலதான் கதைச்சனாங்கள், மேசையில எப்பவும் ஒரு ஸ்பானியாக்காரரோ போலந்துக்காரியோ இருப்பினம். இதுதான் அவா எனக்கு ஜெர்மன்ல எழுதின முதல் மெயில். பத்துப் பன்னிரண்டு வரி. 'சீ' இல்லை, 'டு' இல்லை. ஒரு இடத்திலயும் வழுக்காமல் ரெண்டையும் சுத்திக்கொண்டு போயிருக்கிறா. கலியாண வீட்டில முறை தெரியாத ஆளிட்ட நாங்கள் "சாப்பாடு ஆச்சுதோ" எண்டு கேப்பம் தானே, அப்பிடி.

படத்தை இணைச்சு ரெண்டு வரி எழுதினாக் காணும். மூத்தவா அவா, முதல்ல 'டு' சொல்லுறது என்ர வேலை இல்லை. 'சீ' எண்டு போட்டால் அவா கார்டைக் கழட்டின அந்தப் புதன்கிழமை திரும்பவும் கதவைச் சாத்தின மாதிரி இருக்கு. மூண்டு நாளா எழுதி எழுதி அழிக்கிறன். ஜெர்மன்ல 'நீர்' எண்டு ஒண்டு இல்லை.