பலகைத் தரை மேல் நேராக டைல்ஸ் ஒட்டலாமா?

குரோய்டன்வாசி:
லண்டனில் நூறு வருடம் தாண்டிய வரிசை வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். சமையலறையில் போட்டிருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கீழே மரப்பலகை, ரெண்டு இடத்தில் கால் வைத்தால் கிறீச். ஊரில் நமக்குத் தெரிந்ததெல்லாம் கான்கிரீட் தரை, கலவை, டைல்ஸ். பார்க்க வந்த ஆள் பலகை மேலேயே பசை தடவி ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 60 செ.மீ. போர்சலின் டைல்ஸ் வேறு வாங்கியாச்சு.

பட்டவன்:
வேண்டாம். எங்கள் மாடிக் குளியலறையில் அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போனார்கள். முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய க்ரௌட் மயிரிழையாக வெடித்தது, அப்புறம் தட்டினாலே உள்ளே காலியாக இருக்கிற மாதிரிச் சத்தம். ஹீட்டர் ஓடும்போது மரம் காய்ந்து சுருங்கும், ஈரம் ஏறினால் உப்பும், அதுவும் பலகையின் அகலவாட்டில்தான் அதிகம். உங்கள் டைல் ஒவ்வொன்றும் நாலைந்து பலகை மேல் உட்காரும், அவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எது உடையும்?

மேசன் அண்ணை:
தம்பி, டைல்ஸை விடுங்கோ, முதலில் தரை குலுங்குதா என்று பாருங்கோ. நடுவில் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் அழுத்தி நடவுங்கோ. தளும்பினால் பலகையைக் கிளப்பி, கீழே பலகையைத் தாங்குகிற மரச்சட்டங்கள் உளுத்திருக்கா, ஈரமா என்று பார்த்து, இடையில் குறுக்குக் கட்டை அடிக்க வேணும். பிறகு பலகைகளை ஆணியால் இல்லை, ஸ்க்ரூவால் இறுக்குங்கோ. நீள ஸ்க்ரூ வேண்டாம், கீழே தண்ணீர்க் குழாயும் வயரும் ஓடும். அதுக்கு மேல் 6 மி.மீ. சிமெண்ட் போர்டு, அடியில் பசை தடவி, மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் செங்கல் அடுக்கிற மாதிரி மாற்றி மாற்றிப் போட்டு ஸ்க்ரூ அடிக்க வேணும். டைல் பசை பையில் எஸ்1 என்று போட்டிருக்கா பார்த்து வாங்குங்கோ, அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பெரிய டைல் என்றபடியால் முதுகிலும் பசை தடவுங்கோ. சுவரோரம் இடைவெளி விட்டு சிலிக்கோன், அங்கே க்ரௌட் கூடாது.

ஹாரோக்காரர்:
நாங்கள் 18 மி.மீ. பிளைவுட் அடித்து ஒட்டினோம், எட்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே.

மேசன் அண்ணை:
நல்லது, ஆனால் பிளைவுட்டும் மரம்தானே, ஈரம் பட்டால் அசையும். உயரத்தையும் பாருங்கோ. 18, பசை, டைல் எல்லாம் சேர்ந்து 3 செ.மீ. தாண்டும், கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். பாத்திரம் கழுவும் மெஷினை அப்படியே விட்டு முன்னால் மட்டும் டைல் போட்டால், அது பழுதாகிற அன்று வெளியே இழுக்க முடியாது.

பட்டவன்:
இன்னொன்று, அந்த விரிப்பு பழைய வினைல் என்றால், கறுப்புப் பசை இருந்தால், சுரண்டாதீர்கள். தூசு நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இங்கே 1999 வரை முழுசாகத் தடை இல்லை. ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மற்றது.

குரோய்டன்வாசி:
சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. ஆனால் கிளாஸில் தண்ணீர் தளும்பியது மட்டுமில்லை, கொட்டியே விட்டது. பலகையைத் தூக்கினால் பின்சுவர் பக்கம் ரெண்டு சட்டத்தின் முனை விரலால் குத்தினாலே உதிர்கிறது. வெளியே போய்ப் பார்த்தால், முன்பு இருந்தவர்கள் முற்றத்தை உயர்த்திக் கல் பாவியதில், தரைக்கு அடியில் காற்று போகிற ஓட்டைச் செங்கல் எல்லாம் மூடிக் கிடக்கிறது. டைல்ஸ் பெட்டிகள் ஹாலிலேயே இருக்கட்டும். அண்ணை, கல்லை முழுசாகப் பெயர்க்க வேண்டுமா, சுவரோரம் மட்டும் எடுத்தால் போதுமா?