கலைச்சொல் விவாதம்: ‘ராஸ்’ மீனுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர், வணக்கம்.

நம் கடல்மீன் தொட்டிச் சொற்பட்டியலில் ‘ராஸ்’ (wrasse) என்ற கடல்மீன் குடும்பத்துக்கு எதிரே உள்ள கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. பினாங்கில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் கடையில் ‘ராஸ்’ என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். பேச்சுக்கு அது போதும். எழுதும்போது மட்டும் ரகரம் மொழிக்கு முதலில் வராது என்று ‘இராசு’ ஆக்கினால், பட்டர்வொர்த்தில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பலர் இருக்கிறார்கள்.

சிலர் ‘கிளிமீன்’ என்று எழுதுகிறார்கள். அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும் வேறொரு மீனுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உரியது. மலாய்க்காரர்களும் கிளியைக் குறிக்கும் ‘பாயான்’ என்ற சொல்லைக்கொண்டு அதை ‘ஈக்கான் பாயான்’ என்கிறார்கள். போதாக்குறைக்கு, கேரளத்தில் கிளிமீன் கேட்டால் நெமிப்டெரஸ் என்ற குழம்பு மீன் வந்து சேரும். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கிளிமீன்களையும் ராஸ்களின் லாப்ரிடே குடும்பத்துக்குள்ளேயே சேர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதுதான் நம் வழக்கம்; பேரன் பெயரைப் பாட்டனுக்கு இடுவதில்லை.

இலத்தீனில் ‘லாப்ரும்’ என்றால் உதடு. தடித்து முன்னே நீளும் உதட்டை வைத்தே குடும்பத்துக்குப் பெயர் அமைந்திருப்பதால், நாமும் ‘இதழி’ என்று வைக்கலாம் என முன்மொழிகிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் உட்பிரிவுகளில் இருக்கிறது. ஆங்கிலக் கடைப் பெயர்களை அப்படியே பெயர்த்து, சிர்ரிலாப்ரஸ் இனத்தைத் ‘தேவதை’ என்றும், மாக்ரோஃபாரிங்கோடான் இனத்தைச் ‘சிறுத்தை’ என்றும் எழுதி வருகிறோம். ‘தேவதை மீன்’ என்றால் தமிழ் வாசகருக்கு நினைவில் வருவது ஏஞ்சல் மீன். ‘சிறுத்தை’யோ புள்ளிகளைச் சொல்கிறதே ஒழிய, வளர்ப்பவருக்கு வேண்டிய எதையும் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் அப்படியொரு புள்ளி மீனை வாங்கினேன். “இதுவும் தேவதை மாதிரிதான், பாறை இருந்தால் போதும்” என்றார்கள். அப்போது என் தொட்டியின் அடியில் மணலே கிடையாது. கழுவ எளிது என்று வெறும் கண்ணாடியாக விட்டிருந்தேன். மாலையில் விளக்கு மங்கத் தொடங்கியதும் அந்த மீன் தலையைக் கீழே சாய்த்து மூக்கால் கண்ணாடியை இடித்தது. சற்று நகர்ந்து மறுபடியும் இடித்தது. விளக்கு அணைந்த பிறகும் அந்த மெல்லிய ஒலி இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் வாய்ப்பகுதி புண்ணாகிச் செத்துக் கிடந்தது.

ராஸ் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அது எங்கே உறங்கும் என்பதைத்தான் என்று அதன் பிறகே எனக்கு உறைத்தது. ஹாலிகோரஸ், மாக்ரோஃபாரிங்கோடான், கோரிஸ், அனாம்ப்சஸ் ஆகிய இனங்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்குபவை. அவற்றுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நுண்மணல் வேண்டும், உடைந்த பவளச் சல்லி உடலைக் கீறிவிடும். சிர்ரிலாப்ரஸ், பாராகைலினஸ், சூடோகைலினஸ் ஆகியவை பாறை இடுக்கில் ஒடுங்கி, தம் உடலைச் சுற்றிச் சளியால் கூடு கட்டிக்கொண்டு உறங்கும். அவற்றுக்கு மணல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே முதல் வகையை ‘அயிர்த்துயிலி’ என்றும், இரண்டாவதைக் ‘கூட்டுத்துயிலி’ என்றும் அழைக்கலாம். அயிர் என்றால் நுண்மணல். நம் அயிரை மீனின் பெயரிலும் அதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பினாங்கிலிருந்து,
பட்டியல் தொகுப்பாளன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உறங்கும் இடத்தை வைத்துப் பிரிப்பது நல்ல யோசனை. சொற்களைப் பற்றித்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

இதழி என்றால் கொன்றை. தேவாரம் பாடிப் பழகியவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவன் சடையைத்தான் நினைப்பார்கள். மீன் அங்கே நீந்த வேண்டாம். ‘இதழன்’ என்று மாற்றலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். இவற்றுள் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுகின்றன என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட மீனுக்கு ஆண்பால் விகுதி பொருந்தாது. நான் முன்பு பாயார்த் தீவில் கண்ணாடி அணிந்து நீரில் மிதந்தபோது, பிறை போன்ற வாலுடைய ஒரு பச்சை மீன் வாலை அசைக்காமல், மார்புத் துடுப்புகளைப் பறவை இறக்கை அடிப்பதுபோல் அடித்து நீந்துவதைக் கண்டேன். அதுவும் ராஸ்தான் என்றார்கள். ‘சிறகுநீந்தி’ என்றால் என்ன?

‘அயிர்’ பழந்தமிழ் படித்தவருக்குத்தான் விளங்கும். ‘மணல்’ என்றே தொடங்கினால் இலக்கணப்படி ‘மணற்றுயிலி’ ஆகும்; அதைக் கடையில் சொல்லிப் பாருங்கள். ‘கூட்டுத்துயிலி’யைப் படித்தவுடன் பல மீன்கள் ஒன்றாகப் படுத்துறங்குவதாகத்தான் நான் புரிந்துகொண்டேன்.

வேறொரு செய்தி. என் பேரன் வாங்கிவந்த மஞ்சள் ஹாலிகோரஸ், தொட்டியில் விட்ட சில நொடிகளில் மணலுக்குள் போய்விட்டது. மூன்று நாளாகக் காணவில்லை. தோண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறான்.

கோலாலம்பூரிலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை

*

அன்புள்ள அம்மா, வணக்கம்.

முதலில் பேரனுக்கு: தோண்ட வேண்டாம். புதிய இடத்துக்கு வந்த மணலுறங்கும் மீன்கள் சில நாள்கள், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும், வெளியே வராமல் இருப்பது வழக்கம். அவற்றின் உடலுக்குள் பழைய கடலின் நேரமே ஓடிக்கொண்டிருப்பதால், வெளிவரும்போதும் நம் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். மணலைக் கிளறினால் மிரட்சிதான் மிஞ்சும். அது பழகிய பிறகு ஒரு மாலை தொட்டிக்கு முன் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: ஒரே இடத்தை இரண்டு முறை வட்டமிடும், பக்கவாட்டில் சாயும், தலை முன்னே சரேலென்று நுழையும், ஒரு சிட்டிகை மணல் எழும்பி அடங்குவதற்குள் மீன் இருந்த தடமே இராது.

கொன்றையை நான் மறந்தது பிழைதான். ‘சிறகுநீந்தி’ அழகான சொல். ஆனால் கிளிமீனும் சர்ஜன் மீனும்கூட அப்படியே நீந்துவதால் அது குடும்பப் பெயராகாது, நீந்தும் முறைக்கான பெயராக வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சியாகாப்பைத் தமிழ்நாட்டில் கொடுவா என்கிறார்கள். அதற்குக் கொடுவாய் என்றும் பெயர் உண்டு. அந்த வார்ப்பில் ‘இதழ்வாய்’ என்று வைத்தால் உதடும் வந்துவிடுகிறது, மீன்பெயர் போலவும் ஒலிக்கிறது, ஆண் பெண் வழக்கும் தீர்கிறது. பால் மாற்றத்தைத் தொட்டிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்: பளிச்சென்ற ஆண்களையே இரண்டு மூன்றாக ஒரே இனத்தில் வாங்கினால் சண்டை வரும், சிறிய பெண்மீன்களை விட்டால் அவற்றுள் ஒன்று தானே ஆணாகலாம்.

‘துயிலி’யைக் கைவிட்டு ‘உறங்கி’ என்றால் புணர்ச்சிச் சிக்கல் இல்லை: மணலுறங்கி. சளிக்கூட்டில் உறங்குவதற்கு ‘வலையுறங்கி’ என்று முதலில் நினைத்தேன். ஏனெனில் கிளிமீன்களிடம் நடந்த ஆய்வொன்றில் அந்தக் கூடு, இரவில் இரத்தம் உறிஞ்ச வரும் சிறு ஒட்டுண்ணிகளைக் கொசுவலைபோல் தடுப்பதாகத் தெரிய வந்தது. ஆனால் மீனுக்குப் போய் வலை என்று பெயர் வைக்க மனம் வரவில்லை. ‘திரையுறங்கி’ எனலாம்; திரைச்சீலையும் அதுதான், கடலலையும் அதுதான்.

‘தேவதை’யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். 2022-ல் மாலத்தீவு ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து விவரித்த சிர்ரிலாப்ரஸ் ஒன்றுக்கு, ரோஜாவைக் குறிக்கும் ‘ஃபினிஃபென்மா’ என்ற மாலத்தீவின் திவெகி மொழிச் சொல்லையே அறிவியல் பெயராக வைத்தார்கள். அறிவியல் பெயரே அவர்கள் மொழியில் இருக்கும்போது, நாம் ஆங்கிலக் கடைப்பெயரைச் சுமக்கத் தேவையில்லை.

லாப்ராய்டஸை எல்லாரும் கேட்பதால் ‘துப்புரவு இதழ்வாய்’ என்ற பதிவு இருக்கும்; பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் அது பெரும்பாலும் தொட்டியில் பட்டினி கிடந்து மெலிந்துவிடும் என்ற குறிப்பையும் சேர்க்கிறேன். ஆறுவரி சூடோகைலினஸ் திரையுறங்கிதான் என்றாலும், சிறிய தொட்டியில் பின்னால் வரும் மீன்களை விரட்டியடிக்கும். அதைக் கடைசியாக விடவும் என்று எழுதுகிறேன்.

பேரனிடம் தொட்டியின் மூடியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். குளிரூட்டிக் குழாய் இறங்குவதற்காக வெட்டிய மூலையில் வலைத்துணி வைத்துக் கட்ட வேண்டும். இதழ்வாய்கள் திடுக்கிட்டால் துள்ளும், எனக்கு ஒரு திரையுறங்கி சோபாவுக்குப் பின்னால் காய்ந்துதான் கிடைத்தது.

பினாங்கிலிருந்து,
பட்டியல் தொகுப்பாளன்